ஒரு தட்டு ஆம், இரண்டு தட்டு இல்லை

முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்ட யாரோ ஒரு பெண்.

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று பதறிக்கொண்டு அழைத்தவள், தெரு சொன்னாள், மாடி சொன்னாள், கடைசியில் "சீக்கிரம் அனுப்புங்க சார்" என்றாள்.

மூன்றாம் நம்பர் மேஜைக்காரி ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டுப் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். "என்னை சார்னு சொல்லுதுப்பா."

"பிரமோஷன் குடுத்துட்டாங்கக்கா. ட்ரீட் எப்போ?" என்றான் நான்காம் நம்பர்.

அந்த ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. ஆறு மேஜை, ஆறு கணினி, ஆறு ஹெட்செட். அழைப்பவர் பெயரைக் கேட்டால் இருக்கை எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. பத்தொன்பது வருடமாக மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவளுக்கு மூணு என்றே பெயர் ஆகிவிட்டது. மூத்தவர்களுக்கு மூணு, இளையவர்களுக்கு மூணக்கா. கல்யாணப் பத்திரிகையில்கூட ஒருவன் "மூணக்கா குடும்பத்தினர்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அவளிடம் பெரிய படிப்பு இல்லை, சிபாரிசும் இல்லை. வேலைக்கு எடுத்ததே குரலைக் கேட்டுத்தான். உரத்த குரல் இல்லை, இனிய குரல் என்றும் சொல்ல முடியாது. ஆனால் வீடு பற்றி எரிகிற மாதிரி கத்துகிறவனும் அந்தக் குரலைக் கேட்டால் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவான். "எந்த இடம், சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். என்ன ஆச்சு என்பது இரண்டாவது. இடம் தெரிந்தால் வண்டி கிளம்பிவிடும், மற்றதை வழியில் பேசிக்கொள்ளலாம். அப்புறம் வண்டி போய்ச் சேரும்வரை, "நான் லைன்லதான் இருக்கேன்" என்பாள். ஒருமுறை ஒரு மகன் தன் அப்பாவின் நெஞ்சை அழுத்த, இவள் பதினொரு நிமிடம் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். அந்த அப்பா இப்போதும் காலையில் நடைப்பயிற்சி போகிறாராம்.

அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு: பிடிவாதக்காரி. ஒவ்வொரு அழைப்புக்கும் திரையில் "முடிவு" என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் மற்றவர்கள் "தெரியவில்லை" என்று போட்டுவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார்கள். இவள் போட மாட்டாள். வண்டியில் போனவர்கள் ஆள் என்ன ஆனார் என்று சொல்கிறவரை துளைத்து எடுப்பாள். ஓட்டுநர்கள் இவளுக்குப் பயந்தே தகவல் சொல்லிவிடுவார்கள்.

அந்த அறையில் ஒவ்வொரு மேஜையிலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறதே, அதுவும் இவளால் வந்ததுதான். ஆறு வருடத்துக்கு முன் ஓர் அழைப்பு. பேச்சே இல்லை, வெறும் மூச்சு. விளையாட்டு அழைப்பு என்று எல்லாரும் துண்டித்துவிட, அது நான்காவது தடவையாக இவள் மேஜைக்கு வந்தது. "பேச முடியலன்னா போனை விரலால தட்டுங்க. ஒரு தட்டு ஆமா, ரெண்டு தட்டு இல்ல" என்றாள். ஒரு தட்டு வந்தது. பிறகு வட்டாரம் வட்டாரமாக, தெருத் தெருவாகக் கேட்டு, கதவை உடைத்து உள்ளே போனபோது பக்கவாதம் வந்த ஒரு மனிதர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். அதன்பிறகு அது அட்டையில் ஏறி விதியாயிற்று.

இப்படிப்பட்டவள் தன் தொண்டையை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டாள். குரல் கரகரக்க ஆரம்பித்ததும் ஜலதோஷம் என்றாள், ஏசி காற்று என்றாள், தூசி என்றாள். குரலை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தாள். மைக்தான் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம். கிசுகிசுப்பதில் தொண்டைக்கு ஓய்வு இல்லை, இன்னும் இறுக்கம்தான் என்று பின்னால் டாக்டர் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் ஷிஃப்ட் இன்சார்ஜ் புதியவர்களுக்குக் கேட்கவைக்க அவளுடைய பழைய அழைப்பு ஒன்றைப் போட்டார். போன வருடத்தது. அறை முழுக்க அந்தக் குரல் பரவியது. தெளிவாக, ஓர் இழையும் பிசிறில்லாமல். மூன்றாம் நம்பர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அது வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. அந்த அறையில் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததிலிருந்தே எல்லாருக்கும் எப்போதோ தெரியும் என்று அவளுக்குப் புரிந்தது.

அந்த வாரமே மருத்துவமனைக்குப் போனாள். காது மூக்கு தொண்டை டாக்டர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண்மணி, அதிகம் சிரிக்காதவர். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, எதிரே திரையில் காட்டினார். இரண்டு குரல்நாண்கள், வெள்ளையாக, கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி திறந்து மூடிக்கொண்டிருந்தன. இடப்பக்கத்து நாணின் ஓரத்தில் பாலாடை ஒட்டியதுபோல் ஒரு திட்டு.

"கேன்சரா டாக்டர்?"

"இப்ப அது இல்லன்னுதான் நெனைக்கிறேன். ஆனா அந்தப் பக்கம் போகக்கூடிய திட்டு. எவ்வளவு தூரம் போயிருக்குன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது."

"நான் சிகரெட்டைத் தொட்டதுகூட இல்லையே."

"தெரியும். சிலருக்கு நெஞ்செரிச்சலால வரும், சிலருக்குக் குரலைப் போட்டு வதைக்கிறதால வரும். சிலருக்கு ஏன்னே தெரியாது. எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு மாசம்" என்றாள். வாய் கூசாமல் சொன்னாள். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டபோது, அழைப்பவர்கள் இப்படித்தான் பொய் சொல்வார்கள் என்று நினைவு வந்தது. நெஞ்சுவலி எப்போது ஆரம்பித்தது என்றால், "இப்பதாங்க" என்பார்கள். காலையிலிருந்து வலித்திருக்கும். பயந்தவன் நேரத்தைக் குறைத்துத்தான் சொல்வான். அவள் திரும்ப உள்ளே போய், "பதினோரு மாசம் இருக்கும் டாக்டர்" என்றாள். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினார், கோபித்துக்கொள்ளவில்லை.

வீட்டில் சொன்னாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு, கை ஓயாது. செய்தியைக் கேட்டுவிட்டு எழுந்து போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்ற ஆரம்பித்தார். அரை மணி நேரம் கழித்து அது முன்பைவிட அதிகமாகச் சத்தம் போட்டது.

அவருடைய அக்காவுக்கு விஷயம் எட்டியதும் மறுநாளே வந்து இறங்கினாள். எந்த வியாதிக்கும் இவளுக்கு ஒரு தோழி இருப்பாள்.

"எதுக்கு கத்தி? இப்பல்லாம் லேசர் வந்தாச்சு. உக்காந்த மேனிக்கே சுட்டு எடுத்துடறாங்களாம். என் ஃபிரெண்டோட தம்பி மத்தியானமே ஆபீஸ் போயிட்டான்."

"அவருக்குத் தொண்டையிலயா அக்கா?"

"கால் ஆணி. எல்லாம் ஒண்ணுதான்."

இத்தனை பயத்திலும் மூன்றாம் நம்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் லேசர் டாக்டரையும் போய்ப் பார்த்தாள். புது கட்டடம், சத்தமில்லாத கதவுகள், இளம் டாக்டர். மனிதர் நல்லவர்தான், அவசரப்படாமல் சொன்னார். மயக்கம் வேண்டாம். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, மூக்கு வழியாக மயிரிழை மாதிரி ஓர் ஒயரை விட்டுத் திட்டைச் சுட்டுவிடலாம். அடியில் இருக்கும் மெத்தென்ற பகுதியை அது அவ்வளவாகத் தொடாது. குரல் சீக்கிரம் தேறும். திரும்ப வந்தால் திரும்பச் சுடலாம்.

அவளுக்கு அந்த இடத்திலேயே சரி என்று தலையாட்ட வேண்டும்போல் இருந்தது. குரல் பிழைக்கும் என்று சொல்லும் ஒரு மனிதரைப் பார்த்து அவ்வளவு ஆசை வந்தது. வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, தொழில் பழக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சுட்டதுக்கு அப்புறம் அது என்னதான்னு எப்படித் தெரியும் டாக்டர்?"

"முன்னாடி ரெண்டு மூணு இடத்துல துளி கிள்ளி லேபுக்கு அனுப்புவோம். மிச்சத்தை... சுட்டது சுட்டதுதான். கிள்ளாத இடத்துல என்ன இருந்ததுன்னு சொல்ல முடியாது."

நரைமுடி டாக்டரிடம் திரும்ப வந்தாள். மடியில் ஒரு தாளும் பேனாவும். கட்டுப்பாட்டு அறைப் படிவம் மாதிரியே கட்டம் போட்டிருந்தாள்.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து, அவள் வேலையையும் போனைத் தட்டும் அந்த விதியையும் கேட்டுத் தெரிந்துகொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "என் வழி இது. முழு மயக்கம். வாய் வழியா ஒரு இரும்புக் குழாய், மேல மைக்ராஸ்கோப். திட்டுக்கு அடியில உப்புத் தண்ணி ஏத்தி, அதை மேல எழுப்பி, தோலை மட்டும் முழுசா உரிச்சு எடுப்பேன். துண்டு முழுசா லேபுக்குப் போகும். ஓரம் வரைக்கும் படிச்சுச் சொல்லுவாங்க."

"மயக்கத்துலயே லேசரால வெட்டறதும் உண்டுன்னாங்களே?"

"உண்டு. ரத்தம் குறைவு, வேலை சுத்தம். ஆனா சூட்டுல ஓரம் கருகும். கருகின ஓரத்தைப் படிக்கிறது கொஞ்சம் கஷ்டம்."

"எது நல்லது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுதான் ஒசத்தின்னு நான் அடிச்சுச் சொன்னா அது பொய்யா இருக்கும். மூணு வழியிலயும் சிலருக்குத் திரும்ப வருது, சிலருக்கு வரதில்ல. உங்களுக்கு எது முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்."

"குரல்?"

"என் கை கவனமாத்தான் இருக்கும். ஆனா பழைய குரல் அப்படியே வரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

வாக்குக் கொடுக்கமாட்டேன் என்கிறவரை நம்புவதா, கொடுக்கிறவரை நம்புவதா என்று இரண்டு வாரம் தவித்தாள். சாப்பாடு இறங்கவில்லை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் அந்தத் திட்டு வளர்கிறது என்று தோன்றியது. பேருந்தில், கடையில், யாராவது இருமினால் கை தன் தொண்டைக்குப் போனது. "பயமா இருக்கா?" என்று நான்காம் நம்பர் கேட்டான். "சேச்சே" என்றாள். கணவர் கேட்டார். "இல்லையே" என்றாள். மற்றவர்களுடைய பயத்தைக் கையில் வாங்கிப் பழகிய கை, தன்னுடையதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடியது.

முடிவு அவள் மேஜையில்தான் வந்தது. ஒரு மதியம், புதிதாகச் சேர்ந்த ஐந்தாம் நம்பர் ஓர் அழைப்பை "தெரியவில்லை" என்று போட்டு மூடுவதைப் பார்த்தாள். வழக்கம்போல் கோபம் வந்தது. "மூடாதே. ஆள் என்ன ஆனாங்கன்னு கேளு" என்றாள், கரகரத்த குரலில். சொல்லி முடித்ததும் சிலையாக உட்கார்ந்துவிட்டாள். யாரோ முகம் தெரியாதவனுக்காக இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறவள், தன் தொண்டையில் இருப்பது என்னவென்று தெரியாமலேயே சுட்டு மூடிவிடத் துடித்துக்கொண்டிருந்தாள். குரல் போனால் மூன்றாவது மேஜை போகும். அது தெரிந்தேதான் நரைமுடி டாக்டரின் எண்ணை அழுத்தினாள்.

அறுவைச் சிகிச்சைக்குக் கிளம்பிய காலை, கணவர் வாசலில் செருப்பு மாட்டியபடி நின்றுவிட்டார்.

"ஏதாவது பேசு."

"என்ன பேச?"

"ஏதாவது."

இருபது வருட வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினாள். "கேஸை மூடினீங்களா?" என்றுதான் வந்தது. அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூடவில்லை. மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிய தாளில், குரல் நிரந்தரமாக மாறக்கூடும் என்ற வரியை மூன்று தடவை படித்தாள். அப்புறம் தலைக்குமேல் விளக்குகள், மூக்கில் முகமூடி, அவ்வளவுதான்.

கண் விழித்தபோது டாக்டர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். ஏழு நாள் ஒரு சொல் கூடாது, கிசுகிசுப்பும் கூடாது. தண்டனையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தொண்டையில் மணல் அடைத்த மாதிரி இருந்தது. சிலேட்டில் எழுதினாள், கை காட்டினாள், கணவர் பாதிக்கு மேல் தப்பாகவே புரிந்துகொண்டார். தண்ணீர் கேட்டால் தலையணை வரும். நாத்தனார் வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, "இப்பதான் உன்கிட்ட நிம்மதியா பேச முடியுது" என்று மனம் நிறைந்து போனாள்.

ஆனால் வீடு காலியானதும் பயம் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. உள்ளே குரல் இருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. பார்க்க வேண்டுமென்றால் பேச வேண்டும், பேசினால் உரித்த இடத்தில் ஆறிக்கொண்டிருக்கிற தோல் கிழிந்துவிடும். லேபில் துண்டு கிடக்கிறது, யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏழாம் நாள் வந்தால் முடிவு தெரியும் என்றார்கள்.

ஐந்தாம் நாள் காலை பத்தரைக்கு அவள் கைபேசி அடித்தது.

பத்தொன்பது வருடப் பழக்கம். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அவள் எலும்பில் ஊறியது. எடுத்து, காதில் வைத்து, "எந்த இடம்" என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டாள். நாக்கு மேலே எழும்பியது. அந்த நொடியில்தான் நினைவு வந்து, இடது கையால் வாயை அறைந்தாற்போல் பொத்திக்கொண்டாள்.

"ஹலோ, ஹாஸ்பிடல்லேர்ந்து பேசறேன்" என்றான் ஒரு குமாஸ்தா. "ரெண்டாவது நம்பர் இதுதான் இருக்கு. மொத நம்பர் கிடைக்கல."

முதல் எண் கணவருடையது. அவர் ஏதோ பதினாறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருப்பார், அங்கே சிக்னல் கிடையாது.

"ஹலோ? பயாப்ஸி ரிசல்ட் விஷயமா. யாருங்க லைன்ல?"

ஏழாம் நாள் என்று சொன்னது ஐந்தாம் நாளே வருகிறது. நல்ல செய்தி என்றால் ஏன் அவசரம்? சிலேட்டைப் பார்த்தாள். சிலேட்டைத் தொலைபேசியில் காட்ட முடியாது. ஒரு சொல் சொன்னால் போதும், 'நான்தான்' என்று. ஒரே ஒரு சொல்.

நகத்தால் கைபேசியைத் தட்டினாள். ஒரு தட்டு.

"லைன்ல என்னமோ டொக்குங்குது" என்றான் குமாஸ்தா. பிறகு வாயைத் திருப்பி யாரிடமோ, "டாக்டர், அந்தத் தொண்டை கேஸ்... எடுத்துட்டுப் பேச மாட்டேங்கறாங்க. வெச்சுடவா?"

வைத்துவிடாதே. அவள் திரும்பத் தட்டினாள், நகம் உடைகிற மாதிரி.

"அவங்க எப்படிப்பா பேசுவாங்க? பேசக்கூடாதுன்னதே நான்தானே. அவங்க வீட்டுக்காரர் நம்பருக்குத்தானே பண்ணச் சொன்னேன். குடு இங்க." காலடிச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு நரைமுடி டாக்டரின் குரல் அருகில் வந்தது. "அம்மா, பேசாதீங்க. மூச்சு மட்டும் விடுங்க. கட்டம் போட்ட தாளோட வந்தன்னைக்கு, பேச முடியாதவங்க போனைத் தட்டுவாங்கன்னு சொன்னீங்களே. ஒண்ணுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல. சரிதானே?"

ஒரு தட்டு.

"ரிப்போர்ட் சீக்கிரம் வந்துடுச்சு. ரெண்டு நாள் சும்மா தவிக்க வேணாம்னுதான் பண்ணச் சொன்னேன். கேன்சர் இல்ல. கேட்டுதா?"

ஒரு தட்டு. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கக் கை காலியாக இல்லை.

"முழுசும் கேளுங்க. திட்டுல கேன்சர் பக்கம் போற மாற்றம் இருக்கு, நடுத்தரம். அதை எடுத்தாச்சு. மூணு பக்கம் ஓரம் சுத்தம். நாலாவது ஓரம்..." டாக்டர் நிறுத்தினார். "நாலாவது ஓரத்துல தெளிவாச் சொல்ல முடியலன்னு எழுதியிருக்காங்க. அங்க மிச்சம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை உள்ள பாத்துக்கிட்டே இருப்போம். வந்தா மறுபடி எடுப்போம். புரிஞ்சுதா?"

அத்தனையும் அதற்காகத்தான் செய்தாள். அந்தக் கட்டத்தில் "தெரியவில்லை" என்று வரக்கூடாது என்றுதான் குரலைப் பணயம் வைத்தாள். கடைசியில் நான்கில் ஒரு பக்கத்தில் அதே வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இனி வாழ்நாள் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் திரையின் முன் உட்கார வேண்டும்.

ஒரு தட்டு. கொஞ்சம் தாமதமாக.

மறுமுனையில் டாக்டர் உடனே வைத்துவிடவில்லை. "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

விரல் பழக்கப்படி எழும்பியது. இத்தனை நாளும் எல்லாருக்கும் சொன்ன பதில்தான், இரண்டு தட்டு. நகம் கைபேசிக் கண்ணாடியில் ஒரு முறை பட்டது. இரண்டாவதற்காக விரலைத் தூக்கினாள், அது அந்தரத்திலேயே நின்றது. டாக்டர் காத்திருந்தார். மூன்றாம் நம்பர் விரலை மெல்ல மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரிம்மா" என்றார் டாக்டர். "வைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் நம்பரைத் திரும்பப் போடச் சொல்றேன். அவர் கிடைக்கிற வரைக்கும் நான் லைன்லதான் இருக்கேன்."